முதல்ல அவர் பக்கம்

முதல்லயே சொல்லிடறேன், எனக்குக் கோபம் மூக்கு மேல இருக்கும். அதுலயும் ஆதாரம் இல்லாம யாராவது பேசினா அவ்வளவுதான். அதனாலதான் காலேஜ்ல பசங்க எனக்கு 'ஆதாரம் மேடம்'னு பேர் வெச்சிருக்காங்க. நான் சொல்லித்தர்றது இந்தியத் தர்க்கம். என் வீட்டுக்காரர் அதே டிபார்ட்மென்ட்ல, அடுத்த ரூம்ல, மேற்கத்திய பின்நவீனத்துவம் சொல்லித்தர்றாரு. அவருக்குப் பேர் 'இருக்கலாம் சார்'. எதைக் கேட்டாலும் "இருக்கலாம்"பாரு. வெளிய மழையான்னு கேட்டாக்கூட ஜன்னலைத் திரும்பிப் பாக்காம "இருக்கலாம்"னு சொல்ற மனுஷன்.

வாரத்துல ஒரு நாள் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கிளாஸ் எடுப்போம். நம்ம பழைய தத்துவமும் பின்நவீனத்துவமும், ஒப்பீடு. மத்த டிபார்ட்மென்ட் பசங்ககூட வந்து சுவரோரமா நிப்பாங்க. தத்துவத்து மேல ஆசையா? மண்ணாங்கட்டி. புருஷன் பொண்டாட்டி சண்டையை ஓசியில பாக்கலாமே!

உதாரணத்துக்கு, கயிறும் பாம்பும். இருட்டுல கிடக்கிற கயிறைப் பாம்புன்னு நினைச்சு அலறுறோம். விளக்கைக் கொண்டு வந்தா பாம்பு போயிடும், கயிறு நிக்கும். நம்ம மரபுல திரும்பத் திரும்ப வர்ற உதாரணம் இது. நான் சொல்லி முடிச்சதும் அவர் மெதுவா கேப்பாரு.

"அந்த விளக்கு யார் கையில இருக்கு?"

"யார் கையில இருந்தா என்ன சார்? வெளிச்சம் வெளிச்சம்தானே."

"பிடிச்சிருக்கிறவர் எந்தப் பக்கம் காட்டறாரோ அந்தப் பக்கம்தான் தெரியும். அப்புறம், கயிறுங்கிறதும் நாம வெச்ச பேருதானே? பாம்பு போய் கயிறு வந்துச்சு, சரி. கயிறு போய் என்ன வரும்?"

"பௌத்தர்கள் அதை உங்களுக்கு ரொம்ப முன்னாடியே கேட்டாச்சு. எந்தப் பொருளுக்கும் தனக்குன்னு சொந்தமா ஒரு இருப்பு கிடையாதுன்னும் சொல்லியாச்சு. ஆனா அவங்க துக்கத்துலேர்ந்து வெளிய வர்றதுக்காகக் கேட்டாங்க. நீங்க கேக்கணுமேன்னு கேக்கறீங்க."

பசங்க கை தட்டுவாங்க. அவர் சிரிச்சுக்கிட்டே "இருக்கலாம்"பாரு. நான் அடுத்ததுக்குப் போயிடுவேன். ரெண்டு பக்கமும் சந்தேகத்துலதான் ஆரம்பிக்குதுன்னு நான் பசங்களுக்குச் சொல்றதுண்டு. எங்க ஆளுங்களுக்குச் சந்தேகம் ஒரு வாசப்படி, தாண்டி உள்ள போயே ஆகணும், ஒரு முடிவுக்கு வந்தே ஆகணும். அவர் ஆளுங்க வாசப்படியிலயே பாயை விரிச்சு உக்காந்துட்டாங்க.

ஆனா எங்களுக்குள்ள உண்மையான தகராறு கயிறும் இல்ல, பாம்பும் இல்ல. பரபக்கம்.

பழைய வாதங்கள்ல ஒரு முறை உண்டு. எதிராளியை மறுக்கறதுக்கு முன்னால அவன் கட்சியை நீ எடுத்துச் சொல்லணும். அதுதான் பரபக்கம், அதாவது அடுத்தவன் பக்கம். அதுக்கப்புறம்தான் சுபக்கம், உன் பக்கம். எதிராளி சொன்னதைத் திருப்பிச் சொல்லத் தெரியலைன்னா அதுவே தோல்வின்னு எங்க நூல்கள்ல இருக்கு. நான் வீட்டுல இன்னும் ஒரு படி மேல போய் ஒரு விதி போட்டேன். எதிராளியே "அதேதான்"னு ஒத்துக்கணும். அதுவரைக்கும் உன் நியாயத்தைப் பேச உனக்கு உரிமை கிடையாது.

என் மகளை இந்த விதியிலதான் வளர்த்தேன். ஃப்ரெண்ட் வீட்டுல தங்கணும்னு கேட்டா, அம்மா ஏன் வேண்டாம்னு சொல்றாங்கிறதை முதல்ல அவ சொல்லணும். நான் "அதேதான்"னு சொல்றதுக்குள்ள பாதி நாள் அவளுக்குத் தூக்கம் வந்துடும். இப்ப அவ பல் டாக்டர். வாயைத் திறக்கச் சொல்லி, எதிர்ல இருக்கிறவங்க ஒரு வார்த்தை பேச முடியாம வேலை பாக்கற தொழில். ஏன் இதைத் தேர்ந்தெடுத்தான்னு எனக்குப் புரியாம இல்ல.

என் வீட்டுக்காரர் மட்டும் இந்த விதிக்கு மசியவே மாட்டாரு. "இன்னொருத்தர் மனசை நான் எப்படிச் சொல்றது? நான் சொன்னா அது என் வார்த்தை. அவங்களை எழுப்பிவிட்டுட்டு அவங்க நாற்காலியில நான் போய் உக்காந்துக்கிற மாதிரி. அது அடாவடிம்மா"ம்பாரு. எந்தச் சண்டையிலயும் என் பக்கத்தை அவர் சொன்னதே இல்ல. சும்மா இருந்துடுவாரு. சரின்னு அவர் வேலையையும் சேத்து நானே பாத்துக்குவேன். அவர் பக்கத்தையும் நானே சொல்லி, நானே மறுத்து, நானே ஜெயிச்சுடுவேன்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை காலையில, மக வந்திருந்த சமயம், மூணு பேரும் சமையல்கட்டு மேஜையில டீயும் ரொட்டியுமா உக்காந்திருந்தோம். அவர் ரொட்டி மேல வெண்ணெய் தடவிக்கிட்டே சொன்னாரு.

"வேற ஊர் காலேஜ்ல என்னைக் கூப்பிட்டிருக்காங்க. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். நான் போறேன். தனியா."

"போகலாம்னு நினைக்கிறீங்களா?"

"போறேன்."

நான் பயந்துட்டேன். அந்த ஊருக்காக இல்ல. இந்த மனுஷன் 'இருக்கலாம்' இல்லாம ஒரு முடிவைச் சொன்னதை நான் கேட்டதே இல்ல. வேலைக்குப் போறவர் சனி ஞாயிறு வருவேன்னு சொல்வாரு, வீடு பாக்கணும்பாரு, நீ எப்ப வரேன்னு கேப்பாரு. இவர் என்னை விட்டுட்டுப் போறாரு.

பயம் வந்தா எனக்குக் கோபமாத்தான் வெளிய வரும். எழுந்து நின்னு பிடிபிடின்னு பிடிச்சேன்.

"எதுக்கு? ஆதாரம் சொல்லுங்க. இங்க இல்லாத லைப்ரரி அங்க இருக்கா? சுடுதண்ணி வெச்சுக்கத் தெரியுமா உங்களுக்கு? முதுகு வலின்னா யார் பாப்பா? இந்த வயசுல புது ஊர்ல போய்..."

"அம்மா," வாய் நிறைய ரொட்டியோட மக கையைத் தூக்கினா. "விதி."

"என்னடி விதி?"

"முதல்ல அப்பா பக்கத்தைச் சொல்லு. அப்பா அதேதான்னு சொல்லணும். அப்புறம் திட்டு. எனக்கு மட்டும்தான் விதியா?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டேன். சரி, இது எனக்குத் தண்ணி பட்ட பாடுதானேன்னு ஆரம்பிச்சேன். "அப்பாவுக்கு அங்க பெரிய பதவி தர்றாங்க. இங்க மதிப்பில்லைன்னு நினைக்கிறாரு."

"இல்ல"ன்னாரு அவர்.

"என்கூட சேர்ந்து கிளாஸ் எடுத்து அலுத்துப் போச்சு. தனியாப் பாடம் நடத்தணும்."

"இல்ல."

"அப்ப யாராவது..."

"அம்மா!" மக தட்டைத் தள்ளி வெச்சா. "மறுக்கறதுக்குத் தோதாவே சொல்லிக்கிட்டிருக்கியே. நீதானே அப்படிச் சொல்லக் கூடாதும்ப."

சுரீர்னு இருந்துச்சு. அவ சொன்னது சரி. பலவீனமான பரபக்கத்தைச் சொல்லி அடிக்கிறவன் வாதி இல்ல, வம்பு பிடிச்சவன்னு கிளாஸ்ல நானே கத்துவேன். எழுந்தவ திரும்ப உக்காந்தேன். அவரைப் பாத்தேன். என்னவோ சொல்ல உதட்டைப் பிரிச்சாரு, என்னைப் பாத்துட்டு மூடிக்கிட்டாரு. நான் கண்ணை மூடிக்கிட்டு, அவராவே மாறி, 'நான்'னு சொல்லி ஆரம்பிச்சேன்.

"நான் இந்த வீட்டுல ஒரு வாக்கியத்தை முழுசா முடிச்சு ரொம்ப நாளாச்சு. நான் ஆரம்பிச்சா அவ முடிச்சிடறா. சரியாத்தான் முடிக்கிறா, அதுதான் கொடுமை. தப்பா முடிச்சாலாவது இல்லன்னு சொல்லலாம். நான் எதைச் சொன்னாலும் எடுத்து, தூசி தட்டி, என்னைவிட அழகா நிறுத்தி வெச்சு, அப்புறம் போட்டு அடிக்கிறா. கிளாஸ்ல மட்டும் இல்ல. திரைச்சீலை என்ன நிறத்துல வாங்கலாம்னு பேசினாலும் அதே கதைதான். நான் அவளுக்குப் புருஷன் இல்ல, பரபக்கம். மறுக்கறதுக்காகவே சொல்லப்படற ஆள். 'இருக்கலாம்'னு நான் சொல்றது பெரிய தத்துவம்னு எல்லாரும் நினைக்கிறாங்க. தத்துவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க அடிச்சாலும் படாத ஒரு வார்த்தையைத் தேடி எடுத்து வெச்சுக்கிட்டேன். எனக்குன்னு என்ன தோணுதுன்னு எனக்கே மறந்து போச்சு. யாரும் பதில் சொல்லாத ஒரு ரூம்ல உக்காந்து கொஞ்ச நாள் யோசிச்சுப் பாக்கணும்."

சத்தியமாச் சொல்றேன், என் வாயிலேர்ந்து வர்ற வரைக்கும் இது எனக்குத் தெரியாது. கண்ணைத் திறந்தேன். அவர் கப்பை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. கண்ணு ரெண்டும் நிறைஞ்சிருந்துச்சு.

"அதேதான்"னாரு.

மக மெதுவா கேட்டா. "அப்பா, ஒருத்தர் மனசை இன்னொருத்தர் சொல்ல முடியாதும்பீங்களே?"

"முடியாதுன்னுதான் நினைச்சேன். சொல்லிட்டாளேம்மா, ஒரு வார்த்தை பிசகாம." கண்ணைத் துடைச்சுக்கிட்டே சிரிச்சாரு. "என் கட்சி போச்சு."

இத்தனை வருஷமா நடக்கிற வாதத்துல நான் ஜெயிச்சுட்டேன். கை தட்டத்தான் ஆள் இல்ல. எனக்கு எழுந்து ஓடிடலாம் போல இருந்துச்சு.

"சரி, இப்ப உன் பக்கம்"னாரு அவர். "சொல்லு. மறு."

சொல்றதுக்கு மூணு பதில் நாக்கு நுனியில நின்னுச்சு. மூணும் அருமையான பதில். முதல் பதிலுக்கு வாயைத் திறந்தேன், அப்படியே நின்னுட்டேன். நான் எதையும் மறுத்துடறேங்கிறதுதானே அவர் குற்றச்சாட்டு? இதையும் மறுத்தா, அவர் சொன்னதுக்கு நானே ஆதாரம். மறுக்காம விட்டா அவர் போயிடுவாரு. எந்தப் பக்கம் திரும்பினாலும் இடிக்குது. பதில் சொல்ல முடியாம நிக்கிறதும் தோல்விதான்னு எங்க நூல்கள்ல எழுதி வெச்சிருக்காங்க. அதை எத்தனையோ பேருக்கு நடத்தியிருக்கேன். அங்க நிக்கிறது எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அவர் ஆளுங்க வாசப்படியிலயே உக்காந்திருக்கிறது சோம்பேறித்தனத்தால இல்லையோன்னு தோணுச்சு. உள்ள போனா யாரையாவது மிதிச்சுடுவோமோன்னு பயந்திருக்கலாம்.

"என்கிட்ட பதில் இல்லீங்க"ன்னேன்.

அவர் நம்பலை. தோளைக் குறுக்கி, அடி விழப்போற மாதிரி உக்காந்து காத்துக்கிட்டிருந்தாரு. அதைப் பாக்க எனக்குப் பொறுக்கலை. என் எதிர்ல இந்த மனுஷன் இப்படியா உக்காருவாரு?

"நிஜமாவே இல்ல. ஆனா நீங்க போறது எனக்கு வலிக்குது. இது வாதம் இல்ல. இதை மறுக்கவும் வேணாம், ஒத்துக்கவும் வேணாம். சும்மா சொல்றேன்."

"நீ இப்படிப் பேசி நான் கேட்டதில்லையே"ன்னாரு. அப்புறம் எழுந்து ரூமுக்குப் போனாரு. கீபோர்டு தட்டற சத்தம் கேட்டுச்சு. திரும்பி வந்து, "வரேன்னு எழுதிட்டேன்"னு சொன்னாரு. மக என் கையைப் பிடிச்சுக்கிட்டா. நான் அழுதேன். எதுக்கு மறைக்கணும், நல்லா விக்கி விக்கி அழுதேன்.

கிளம்பற அன்னிக்கு, பெட்டியை வாசல்ல வெச்சுட்டு, ஷூ நாடாவைக் கட்டிக்கிட்டே சொன்னாரு. "அந்தக் காலத்து வாதத்துல தோத்தவர் ஜெயிச்சவர் கட்சிக்கு மாறின கதையெல்லாம் நீ நடத்துவியே? நான் தோத்துட்டேன். அதனால உன் பக்கத்தைச் சொல்லக் கத்துக்கறேன். கொஞ்சம் டைம் கொடு."

"கிண்டலா?"

"இல்லம்மா"ன்னாரு. 'இருக்கலாம்'னு சொல்லலை.

இப்ப ஞாயிற்றுக்கிழமை தவறாம ஃபோன் பண்றாரு. முதல்ல அங்க நடந்ததெல்லாம் சொல்வாரு. ஜன்னலைத் திறந்தா பக்கத்துக் கட்டடத்து லிஃப்ட் சத்தம் கேக்குதாம். பசங்க இவரை எதிர்த்தே பேசறதில்லையாம், அது ஒரு மாதிரியா இருக்காம். வாக்கியம் வாக்கியமா முழுசாப் பேசறாரு. நான் நாக்கைக் கடிச்சுக்கிட்டுக் கேக்கறேன். கடைசியில தொண்டையைச் செருமிட்டு, 'நான்'னு ஆரம்பிச்சு என் பக்கத்தைச் சொல்வாரு.

ஐயோ, ஆரம்பத்துல அள்ளி விட்டதைக் கேட்டிருக்கணுமே! எனக்கு எல்லாம் ஒழுங்கா இருக்கணுமாம், அதான் பேசறேனாம். "இல்ல"ன்னேன். நான் அறிவாளின்னு ஊர் சொல்லணுமாம். "இல்ல." சின்ன வயசுல என் பேச்சை யாரும் கேட்டதில்லையாம். எங்க வீட்டுல என் பேச்சைத் தவிர வேற எதுவும் கேட்டதில்லை, "இல்லவே இல்ல." ஒவ்வொரு தடவையும், "சரி, இன்னும் யோசிக்கிறேன், அடுத்த வாரம் கூப்பிடறேன்"னு வெச்சுடுவாரு.

போன ஞாயிறு இப்படிச் சொன்னாரு: "எனக்கு ஜெயிக்கணும்னு இல்ல. பேச்சு முடிஞ்சா அவர் எழுந்து போயிடுவாரோன்னு பயம். அதனாலதான் எதையுமே அவரை முடிக்க விடலை."

ஒரு வார்த்தை பிசகலை. அந்தப் பக்கம் அவர் காத்துக்கிட்டிருந்தாரு, லிஃப்ட் சத்தம் லேசாக் கேட்டுச்சு. இந்த ஆதாரம் மேடம், வாழ்க்கையில முதல் தடவையா, தெரிஞ்சே ஒரு பொய் சொன்னேன்.

"இல்லீங்க. இன்னும் யோசிங்க."

'அதேதான்'னு சொல்லிட்டா அடுத்த வாரம் எதுக்குக் கூப்பிடுவாரு?