மார்லிஸுக்குக் காட்ட

கெர்ஸ்டின் அப்பாவின் கணினியில் ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அம்மா இருக்கிறாள், ஏரி இருக்கிறது, செத்துப்போன நாய்கூட எல்லாக் கோணத்திலும் இருக்கிறது. அப்பாவை மட்டும் காணவில்லை. ஆயுசு முழுக்கக் கேமராவுக்குப் பின்னாலேயே நின்ற அப்பா ஓரின் நேற்று விடியற்காலையில் போய்விட்டார். அஞ்சலிக்கூடத்து வாசலில் வைக்கப் பெரிய படம் மதியத்துக்குள் வேண்டுமாம்.

கைப்பேசியில் ஒன்று இருந்தது. உறவுக்காரர்களிடம் சுற்றிச் சுற்றி வந்த ஜேபெக் படம். பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. அப்பா பார்த்திருந்தால் சாவையே தள்ளிப்போட்டிருப்பார். ஜேபெக் இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று படத்தைச் சுரண்டும், திருத்திச் சேமிக்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் போகும், டிஃப் என்ற கோப்பு வகை அப்படியில்லை, எடுத்ததை எடுத்தபடி வைத்திருக்கும் என்று சாப்பாட்டு மேசையில் பிரசங்கமே நடத்துவார். ரெண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது என்று அம்மா மார்லிஸ் பட்டாணியைப் பரிமாறுவாள். டிஜிட்டல் கேமரா வாங்கிய நாளிலிருந்து தீராத வழக்கு அது.

கடைசியில் ‘மார்லிஸுக்குக் காட்ட’ என்றொரு கோப்புறை கிடைத்தது. உள்ளே ஒரே படம், டிஃப்பாக ஒன்று, திரும்பத் திரும்பச் சேமித்த ஜேபெக்காக ஒன்று. சமையலறை ஜன்னலோரம், கையில் ரொட்டித்துண்டோடு, ஜெயித்துவிட்ட சிரிப்போடு அப்பா. வழக்குக்குத் தன்னையே சாட்சியாக நிறுத்தியிருக்கிறார். மருத்துவமனைக்குப் போவதற்கு முந்தின நாள் எடுத்தது. காட்ட நேரம் கிடைக்கவில்லை. கெர்ஸ்டினுக்கு அந்த மனிதர் மேல் பாசம் பொங்கியது.

அம்மா, அக்கம்பக்கத்தார் துக்கவீட்டுக்கென்று சமைத்துக் கொண்டுவந்த ஹாட்டிஷ் கறிப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள், அடியில் ஒட்டியிருந்த அவரவர் பெயர்ச்சீட்டுகள் நனையாமல்.

"அம்மா, கையத் துடைச்சுட்டு இங்க வாயேன்."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கினாள்.

"ரெண்டும் ஒண்ணாத்தான..." என்று பழக்கத்தில் ஆரம்பித்த மார்லிஸ், கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். ஜேபெக்கில் தாடையில் ஏதோ வெள்ளைத் திட்டு. டிஃப்பில் அது சவரக் காயத்தின் மேல் ஒட்டிய காகிதத் துணுக்கு. அதன் நார்கூடத் தெரிந்தது.

"நான்தான் கிழிச்சு ஒட்டினேன். ரத்தம் நிக்கிற வரைக்கும் பிடிச்சு அழுத்துங்கன்னா கேக்கவே மாட்டாரு." கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "உங்கப்பா சொன்னது சரிதாண்டி" என்றாள்.

"அந்தக் காகிதத்த அழிச்சிடட்டுமா? ஒரு நிமிஷ வேலை."

"வேண்டாம். தொடாத."

மறுநாள் வாசலில் ஆளுயரத்துக்கு அப்பா நின்றார். வந்தவர்கள் தாடையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு மார்லிஸின் கையைப் பிடித்தார்கள். எல்லோரும் உள்ளே போனதும் அவள் படத்தருகில் வந்தாள். ஒற்றை விரலால் அந்தத் துணுக்கை, சற்று நேரம், அழுத்திப் பிடித்தாள்.