வெள்ளிக்கிழமை விளக்கு

சாக்கோட்டைச் சாலையில் டிங் என்று ஒரு சத்தம் கேட்டதும் விசாலி முதலில் திரும்பிப் பார்த்தது விளக்கை அல்ல, பக்கத்து சீட்டில் இருந்த வீட்டுக்காரரைத்தான். வள்ளியப்பன் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டபடி வந்துகொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். மனைவி ஓட்டும் காரில் அந்த மனிதர் இதுவரை ஒரு பொழுதும் கண்ணயர்ந்ததில்லை. திறந்து வைத்துக்கொண்டு பயப்படுவதைவிட மூடிக்கொண்டு பயப்படுவது சற்றுச் சுகம் என்று கண்டுபிடித்திருந்தார், அவ்வளவுதான்.

"வந்துருச்சா?" என்றார் கண்ணைத் திறக்காமலே.

"வந்துருச்சு."

ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. அதன் கீழே இங்கிலீஷில் ஒரு வரி. முன்பக்கத்துத் தானியங்கி பிரேக் வேலை செய்யவில்லை, உடனே சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள் என்று அதற்குப் பொருள். விசாலி காலால் பிரேக்கை அமுக்கிப் பார்த்தாள். கார் சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளை மாதிரி நின்றது. எடுத்தாள், போயிற்று. மிதித்தாள், நின்றது. விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

பின் சீட்டில் எதிர்வீட்டு நாகவல்லி டீச்சர் வெற்றிலைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வெள்ளிக்கிழமையானா கரெக்டா வந்துருது ஆச்சி. நம்ம விரதம் இருக்கிற மாதிரி அதுவும் ஏதோ இருக்கு போல."

"சிரிக்காதீக டீச்சர்" என்றார் வள்ளியப்பன். "பிரேக்கு விஷயம்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. செக்காலை ரோட்டில் இருந்த ஹார்டுவேர் கடையைத் தம்பி மகனிடம் ஒப்படைத்துவிட்டு அவர் வீட்டில் உட்கார்ந்த வருஷம், விசாலி டிரைவிங் பள்ளியில் போய்ச் சேர்ந்தாள். ஐம்பத்தாறு வயதில் எதற்கு என்று வீடே கேட்டது. ஒரு கோயிலுக்கு, ஒரு துக்கத்துக்கு, ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டுமென்றால் வாடகைக் காருக்குச் சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நின்றது போதும் என்பது அவள் பதில். வள்ளியப்பனுக்கு ஓட்ட வராது. இளவயதில் ஒருமுறை முயன்று, சொந்த வீட்டுக் கேட்டுத் தூணையே இடித்துவிட்டு, அன்றோடு சாவியைக் கையால் தொடாதவர். ஆகவே நிறைய யோசித்து, கடை கடையாக விசாரித்து, இந்தக் காரை வாங்கிக் கொடுத்தார். எதிரில் ஏதாவது வந்தால் டிரைவர் மிதிக்காவிட்டாலும் தானாகவே பிரேக் போட்டுக்கொள்ளும் கார். அந்த ஒரு வசதிக்காகவே கூடுதலாகக் கொடுத்தார். அது இருக்கிற வரைக்கும் நீ ஓட்டு என்றும் சொல்லியிருந்தார். இப்போது அதுதான் இல்லை என்கிறது விளக்கு.

ஆயுத பூஜை கழிந்து சில நாளில் தொடங்கிய தொல்லை இது. மூன்று தடவை மேலூர் வழியாக மதுரைக்குக் கொண்டுபோய் சர்வீஸ் சென்டரில் விட்டாகிவிட்டது. அங்கே காத்திருப்பவர்களுக்கென்று குளிர்சாதனம் போட்ட ஒரு கூடம் உண்டு. சர்க்கரை டாக்டரைப் பார்க்க வந்தவர்கள் அவரவர் அளவை ஒப்பிட்டுக்கொள்வது மாதிரி, கார்க்காரர்கள் அங்கே உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பிரேக்கை ஒப்பிட்டுக்கொள்வார்கள். சிவகங்கையிலிருந்து வந்த மருதுபாண்டி என்கிற காண்டிராக்டர் மூன்று தடவையும் அங்கே இருந்தார்.

"எனக்கு மிதிச்சா காக்கா கத்துதுங்க" என்றார் முதல் தடவை. அடுத்த தடவை, "பிரேக்கு பேடு மாத்துனாக. இப்பக் கத்தல, அழுகுது" என்றார். மூன்றாம் தடவை கையிலிருந்த பில்லை விசாலியிடம் நீட்டினார். அவள் படித்துவிட்டு, "இப்ப நீங்க அழுகணும்" என்றாள். கூடமே சிரித்தது. மருதுபாண்டிதான் அதிகமாகச் சிரித்தார்.

வண்டி உள்ளே போனதும் முதலில் நுரை போட்டுக் கழுவிவிடுவார்கள். அதற்கப்புறம்தான் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்ப்பது. வீரபாண்டியன் என்கிற அட்வைசர் கழுத்து டையைச் சரிசெய்துகொண்டே வந்து, "ஆச்சி, வண்டியில ஒரு குறையும் காட்டலயே" என்பான்.

"இங்க காட்டாது தம்பி. எங்க வீட்ல வந்து பாரு, காட்டும்."

"எப்பவோ வந்துட்டுப் போனதா பதிவு இருக்கு. இப்ப இல்ல."

மூன்றாம் தடவை அவன் வேறு மாதிரி பேசினான். எதற்கும் அந்த முன்பக்கத்துக் கருவியை முழுசாக மாற்றிவிடலாம், வாரண்டியில் வருமா வராதா என்று கம்பெனிக்கு எழுதிக் கேட்க வேண்டும், அநேகமாக வராது என்றான். அவன் சொன்ன விலையில் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு ஒரு பழைய கார் வாங்கிக் கொடுத்துவிடலாம். வள்ளியப்பன் கூடத்துக் காப்பி மிஷினிலிருந்து இன்னொரு கப் காப்பி பிடித்துக் குடித்தார். அது ஓசி.

இந்த வெள்ளிக்கிழமை சாக்கோட்டையிலிருந்து திரும்பியதும், செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்தார். திருப்பத்தூரிலிருக்கும் பங்காளி முத்தப்பனுக்குப் போன். அவன் பழைய கார் வாங்கி விற்பவன்.

"ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்கப்பா" என்றார். பிறகு விசாலி பக்கம் திரும்பாமலே, "ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன செய்வேன்" என்று சுவரிடம் சொன்னார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் விசாலி சண்டை போட்டிருப்பாள். சுவரிடம் சொன்னதால், கார்ச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் அவர் ஆடிட்டரைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில் சாவியை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிவிட்டாள். எங்கே என்று தீர்மானம் இல்லை. கார் கோவிலூர்ப் பக்கம் போயிற்று. கடைசியாக ஒருமுறை நிம்மதியாக ஓட்டிவிட்டு வருவோம் என்றிருந்தது. விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது. இருந்துவிட்டுப் போ என்று சொன்னாள். பக்கத்து சீட்டு காலியாக இருந்தது வசதியாகவும் இருந்தது, ஏதோ மாதிரியாகவும் இருந்தது. வாடகைக் காரில் பின்னால் உட்கார்ந்து போனபோது இந்த ரோட்டில் மரங்கள் இருந்ததே அவளுக்குத் தெரியாது. ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் எந்த மரம் எந்த வளைவுக்கு முன்னால் நிற்கிறது என்று தெரிந்தது.

அந்த வருஷம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்த மழை அன்றைக்குத்தான் பிடித்தது. சும்மா இல்லை, வாளியால் கொட்டினது போல. ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். சற்றுக் குறைந்ததும் கிளம்பினாள். கோவிலூர்க் குளத்தைத் தாண்டியிருக்க மாட்டாள், விளக்கு அணைந்தது.

தட்டிப் பார்த்தாள். எரியவில்லை. நிறுத்தி, குடையைப் பிடித்துக்கொண்டு இறங்கி முன்னால் போனாள். காரின் மூக்கில் கம்பெனிச் சின்னம் பளபளவென்றிருந்தது. அதற்குக் கீழே நம்பர் பிளேட் முழுக்க மஞ்சளாக வழிந்து, நடுவில் சிவப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது. சந்தனமும் குங்குமமும்.

அவள் அதைத் தினமும் பார்த்ததுதான். ஆயுத பூஜையன்று வள்ளியப்பன் வீட்டில் ஒன்றையும் விடமாட்டார். தண்ணீர் மோட்டார், இன்வெர்ட்டர், பிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் பொட்டு விழும். காருக்கு அந்தச் சின்னத்தின் மேல் வைத்தார். கார் வைத்திருக்கும் எல்லோரும் அங்கேதான் வைக்கிறார்கள். நிலைப்படியில் இருக்கும் பொட்டை யார் நின்று பார்க்கிறார்கள்? ஆனால் அந்த விளக்கு முதல்முறை எரிந்ததற்கு அப்புறம், அவர் வெள்ளிக்கிழமை தவறாமல் வைக்க ஆரம்பித்தார். கல்லில் தானே அரைத்து, கெட்டியாக. விளக்கு மறுபடி எரிந்ததும் இன்னும் கெட்டியாக. போன வாரமெல்லாம் அது பொட்டாகவே இல்லை, தோசை மாதிரி இருந்தது.

அங்கேயே நின்று வீரபாண்டியனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, முன்னால வர்றதப் பாத்து பிரேக் போடுதே, அதோட கண்ணு வண்டியில எங்க இருக்கு?"

"முன்னாடி கம்பெனிச் சின்னம் இருக்குல்ல ஆச்சி, அதுக்குப் பின்னாடிதான்."

"அது மேல கனமா சந்தனத்த அப்புனா?"

அந்தப் பக்கம் கீபோர்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "வண்டி வந்ததும் நாங்க கழுவிருவோம்ல" என்றான் மெதுவாக. இன்னும் கொஞ்சம் கழித்து, "ஆச்சி, இத எங்க மேனேஜர்ட்ட மட்டும் சொல்லிராதீக."

காரில் ஏறி உட்கார்ந்து விசாலி தனியாகச் சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நேரே வீட்டுக்குப் போய் அவர் முன்னால் கையைத் தட்டிச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அமராவதிபுதூர்ப் பிரிவு வருவதற்குள் அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விடிந்தும் விடியாமல் அந்த மனிதர் கல்லில் அரைத்தது சந்தனத்தை மட்டுமல்ல என்று தோன்றிற்று. வண்டி ஓட்டத் தெரியாதவர். குறுக்கே ஆடு வந்தால் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்ப அவரால் ஆகாது. அவரால் ஆனது அது ஒன்றுதான். அதையும் ஒருத்தி கேலி செய்தால், அதுவும் நாளைக்கு முத்தப்பன் காதில் விழுந்தால், சாயங்காலத்துக்குள் பங்காளிகள் அத்தனை பேர் போனிலும் ஓடும். சொல்லாவிட்டாலோ, நாளைக்குக் கார் போய்விடும்.

வீட்டுக்குப் போனபோது அவர் வாசலிலேயே நின்றார். எங்கே போனாய் என்று கேட்க வாயைத் திறந்தவரை, "ஒரு எட்டு வாங்க" என்று ஏற்றிக்கொண்டாள். பெரிய ரோடு வரை ஓட்டினாள். விளக்கு இல்லை.

"அணைஞ்சிருச்சே" என்றார், கண்ணைத் திறந்து.

அவள் நிறுத்தினாள். கிளம்புமுன் உள்ளே போய் எடுத்துவந்திருந்த சந்தனக் கிண்ணத்தைத் திறந்து, இறங்கிப் போய், அவர் கைவண்ணத்திலேயே சின்னத்தின் மேல் அப்பினாள். மறுபடி ஓட்டினாள். ரெட்டைப் பனை வரைக்கும் ஒன்றுமில்லை. அதைத் தாண்டியதும் டிங். நிறுத்தித் துணியால் துடைத்தாள். கொஞ்ச தூரத்தில் அணைந்தது.

வள்ளியப்பன் வெகுநேரம் அந்த விளக்கு இருந்த இடத்தையே பார்த்தார்.

"அப்ப, பழுது நாந்தானா?"

"நீங்க பழுதில்ல. வச்ச எடந்தான் பழுது."

அவர் திரும்பி வரும் வழியெல்லாம் கண்ணைத் திறந்தே வந்தார். கார் போகட்டுமா இருக்கட்டுமா என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முத்தப்பன் பை நிறைய எலுமிச்சம்பழத்தோடு வந்து இறங்கினான். வண்டி எடுத்துக்கொண்டு போகும்போது சக்கரத்துக்கு வைக்க. "அண்ணமிண்டி, காப்பி கொஞ்சம் திக்கா" என்றான். அண்ணன் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவது. விசாலி காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"வண்டி குடுக்குறதுக்கில்லப்பா" என்றார் வள்ளியப்பன்.

"ஏண்ணே? வேற யாருக்கும் பேசிட்டீகளா?"

"பழுது என்னன்னு தெரிஞ்சுபோச்சு."

"என்ன பழுது?"

விசாலி ஏதோ வயரு என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவரே, "நாந்தாம்ப்பா" என்றார். சொல்லிவிட்டு முழுக்கதையையும் சொன்னார். மதுரையில் குடித்த ஓசிக் காப்பி வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. தோசை மாதிரி என்ற இடத்தில் முத்தப்பன் குடித்த காப்பி மூக்கில் ஏறிவிட்டது. அவன் தலையில் தட்டிக்கொடுத்துக்கொண்டே வள்ளியப்பனும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று விசாலி நினைத்துப் பார்த்தாள். கடை இருந்த காலத்தில் சிரித்திருப்பார்.

வாசலில் ஹாரன் அடித்தது. நாகவல்லி டீச்சர் தானாகவே பின் சீட்டிலிருந்து முன்னால் எட்டி அமுக்கியிருந்தார். அவர் தங்கை வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்குச் சாக்கோட்டை போக வேண்டும்.

"நீங்க வரலயா?" என்றாள் விசாலி வீட்டுக்காரரிடம்.

"முத்தப்பன் சாப்பிட்டுல்ல போகணும். நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க."

விசாலி நின்று ஒருமுறை அவரைப் பார்த்தாள். பக்கத்து சீட்டில் தான் இல்லாமல் அவளை வண்டி எடுக்க விடாதவர். சரியாகத்தான் கேட்டாளா என்றிருந்தது. பிறகு, அவர் மனசு மாறுவதற்குள் போய் வண்டியை எடுத்து வாசலுக்கு நேரே கொண்டுவந்தாள்.

வள்ளியப்பன் பின்னாலேயே வந்தார். கையில் சந்தனக் கிண்ணம். காரின் முன்னால் போய் விரலைத் தூக்கியவர், அப்படியே நிறுத்திக்கொண்டார். ஒரு சுற்றுச் சுற்றினார்.

"கண்ணாடியில வைங்கண்ணே" என்றான் முத்தப்பன், பின்னாலேயே வந்து.

"அங்கன ஒரு கேமரா இருக்கு" என்றாள் விசாலி உள்ளிருந்து.

"அப்ப அங்குட்டு, பின்னால?"

"அது ரிவர்ஸ் எடுக்கையில பாக்குற கண்ணு."

"டயர்ல வைங்க செட்டியாரே" என்றார் நாகவல்லி டீச்சர். "சாக்கோட்டை வரைக்கும் ரோட்டுக்கெல்லாம் பொட்டு வச்சுக்கிட்டே போறோம்."

முத்தப்பன் சிரித்தான். வள்ளியப்பன் சிரிக்கவில்லை. மறுபடியும் ஒரு சுற்று வந்து, டிரைவர் பக்கத்துக் கதவுக்கு வெளியே நின்றார். தூக்கிய விரல் நுனியில் சந்தனம் காயத் தொடங்கியிருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். விசாலி இன்ஜினை அணைக்காமல், கண்ணாடியை இறக்கிவிட்டு, முகத்தைக் கொஞ்சம் வெளியே நீட்டினாள்.