அவர் வாசிக்காத செய்தி

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் வீட்டுக்காரர் இம்மானுவேல் வாயை மட்டுமே வைத்துப் பிழைத்தவர். இந்தப் பள்ளத்தாக்கில் அவர் குரல் கேட்காத வீடு ஒன்றே ஒன்றுதான், அது தேனியில் இருக்கிற எங்கள் வீடு. "குழம்புல உப்பு இருக்கா?" என்று கேட்டால் தலையை ஆட்டுவார். அதே மனுஷன் டிவியில், "இன்று இரவு, காணத் தவறாதீர்கள்" என்று சொன்னால் தெருவே அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காரும்.

அதெல்லாம் சென்னையில் பெரிய சேனலில் இருந்தபோது. முகம் ஒரு நாளும் திரையில் வந்ததில்லை, குரல் மட்டும்தான். நானும் மகள் பிரின்சியும் இங்கேயே இருந்தோம். சின்னப்பிள்ளையில் அப்பா குரல் கேட்டால் டிவிக்குப் பின்னால் போய் எட்டிப் பார்ப்பாள். சாப்பிட அடம்பிடித்தால், "அப்பா டிவியில சொல்லிட்டாகடி" என்பேன், வாயைத் திறந்துவிடுவாள். நான் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்கமாட்டாள். கல்யாணமாகி ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டக்காரி ஆன பிறகும் அந்தக் குணம் போகவில்லை.

பிறகு இவர் தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷன் முடிந்து ஊருக்கே திரும்பி, உள்ளூர் கேபிள் சேனலில் சேர்ந்தார். செய்தி, நகைக்கடை விளம்பரம், மரண அறிவிப்பு எல்லாம் அவர்தான் வாசித்தார். ஆனால் சத்தம் நாளுக்கு நாள் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. போன வருஷம் சேனல் முதலாளி இவருடைய பழைய பதிவுகளை எல்லாம் வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். இனி எதை டைப் அடித்தாலும் இவர் குரலில் பேசும். அதுவும் சென்னைக் காலத்துக் கணீர்க் குரல். இவர் பூரித்துப்போய் வீட்டுக்கு வந்தார்.

"இனிமே எனக்குத் தொண்டை கட்டுனாலும் வேலை நிக்காது ஷீலா."

"நல்லாத்தான் இருக்கு. குரலைக் கழட்டிக் குடுத்துட்டு வந்திருக்கீக. நாளப்பின்ன அது என்ன பேசும்னு உங்களுக்குத் தெரியுமாக்கும்?"

வழக்கம்போலத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலைக் கண்டால் எனக்கு எரிச்சல் மண்டும். வெளியே யாருக்கும் தெரியக்கூடாது என்று முதலாளி சொன்னதால் பிரின்சிக்குக்கூட நாங்கள் இதைச் சொல்லவில்லை.

இந்த ஐப்பசியில் மேகமலையிலிருந்து ஒரு கொம்பன் யானை இறங்கியது. ஓடைப்பட்டிப் பக்கம் வாழைத்தோப்புக் காவல்காரர் ஒருவரை மிதித்துப் போட்டுவிட்டது. பகலில் எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அத்தனை பெரிய உருவம், அசையாமல் நின்றால் பக்கத்து வரப்பில் போகிறவனுக்கே தெரியாதாம். அறிவிப்பு வரும்வரை யாரும் தோட்டத்துக்குப் போகக்கூடாது என்று போலீஸ் ஜீப் மைக்கில் சொல்லிக்கொண்டு போனது. நாய்கூடக் குரைக்காமல் ஊர் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பதாகப் பிரின்சி போனில் சொன்னாள்.

அவளுக்குத் திராட்சைக் கவலை. பழம் கனிந்து தொங்குகிறது, மலைமேல் மேகம் கறுத்து நிற்கிறது. ஒரு மழை அடித்தால் பழமெல்லாம் வெடித்து அழுகிவிடும்.

"அப்பாவச் சொல்லச் சொல்லும்மா, ஓடிப்போய் அறுத்துருவேன். வேற எவுக சொன்னாலும் போகமாட்டேன்" என்றாள்.

இவர் போனை வாங்கிக் கரகரத்த தொண்டையில், "நான் சொல்ற வரைக்கும் வாசலத் தாண்டப்படாது ஆத்தா" என்றார். எனக்கும் நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

மறுநாள் இவருக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. மத்தியானம் ரசம் சோறு போட்டுக் கொடுத்துவிட்டு, யானைச் செய்தி வருமா என்று டிவியைப் போட்டேன். வந்தது.

"காட்டு யானை மேகமலை வனப்பகுதிக்குள் விரட்டப்பட்டது. விவசாயிகள் அச்சமின்றித் தோட்டங்களுக்குச் செல்லலாம்."

இவர் குரல். நான் திரும்பி இவரைப் பார்த்தேன். வாய் நிறையச் சோறு. கை தட்டிலேயே நின்றுவிட்டது.

எச்சில் கையோடு சேனலில் வேலை செய்யும் சூரியபிரகாஷுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் அவன் சாதாரணமாகத்தான் பேசினான்.

"வாட்ஸ்அப்ல வந்துச்சுண்ணே. முதலாளிதான் போடச் சொன்னாக. ஃபாரஸ்ட் ஆளுகளுக்குப் போன் போட்டா இன்னும் எடுக்க மாட்டேங்குறாக."

"கேக்காமயே போட்டியா? எடுறா அத!"

"இருங்கண்ணே, முதலாளியக் கேட்டுட்டு எடுத்துர்றேன்."

நான் பிரின்சிக்கு அடித்தேன். எடுத்தாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

"எங்கடி இருக்க?"

"தோட்டத்துலம்மா. அதான் அப்பா சொல்லிட்டாகள்ல? உங்க மருமகன் லாரிக்குப் போன் போடுறாக, நான் முன்னாடி வந்துட்டேன்."

இவர் போனைப் பிடுங்கினார். கழுத்து நரம்பு புடைத்தது, உதடு அசைந்தது, காற்றுதான் வந்தது. நாட்டுக்கே அறிவிப்புச் சொன்ன மனுஷனுக்குப் பெற்ற மகளை 'ஓடு' என்று கூப்பிடச் சத்தம் வரவில்லை. நான் போனை வாங்கிக் கத்தினேன்.

"அது அப்பா இல்லடி! மிஷின் பேசுச்சுடி! வீட்டுக்கு ஓடு!"

பிரின்சி சிரித்தாள். "என்னம்மா ஒளர்ற? எங்கப்பா குரல் எனக்குத் தெரியாதாக்கும்?"

"அடியே, சொன்னாக் கேளுடி..."

"இரும்மா, பந்தல் ஆடுது. காத்து கெளம்பிருச்சு போல. மழைக்குள்ள ரெண்டு கூடையாவது..."

திராட்சைப் பந்தலைத் தாங்குவது கல்தூண். காற்றுக்கு அது முறியாது. முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவள் "அம்மா" என்று சொல்லவில்லை, "அப்பா" என்றுதான் சொன்னாள். பிறகு போனில் எதுவும் இல்லை. டிவியில் இவர் குரல் மறுபடியும், விவசாயிகள் அச்சமின்றிச் செல்லலாம் என்றது. பாவி, ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் சொன்னது.

அதற்கு மேல் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நாங்கள் ஓடைப்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது மருமகன் அஜய்குமார்தான் அவளைத் துணியில் சுற்றி வீட்டுக்குத் தூக்கி வந்தார். யானைமேல் எனக்குக் கோபம் வரவில்லை. அது வாயில்லாச் சீவன், அதன் பாட்டுக்கு வந்தது. கூப்பிட்டு அனுப்பிய அந்தக் குரல்மேல்தான் என் வயிறு எரிந்தது.

சாயங்காலம் மாலையோடு வந்த சூரியபிரகாஷ் தலையை நிமிர்த்தவே இல்லை. "முதலாளி அறிவிப்ப ஃப்ரீயாவே போடச் சொல்லிட்டாகண்ணே" என்று முனகினான். என்ன அறிவிப்பு என்று கேட்கிற நிலையில் யாரும் இல்லை. கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு டிவியில் கேட்டது.

"ஓடைப்பட்டியைச் சேர்ந்த திருமதி பிரின்சி அவர்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அன்னாரது நல்லடக்கம் நாளை காலை நடைபெறும்."

கணீரென்று, ஏற்ற இறக்கத்தோடு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி. இவர் மகள் காலடியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணீர் தாடையில் சொட்டியது. நான் எழுந்து போய்ப் பக்கத்து வீட்டு டிவியை அணைத்துவிட்டு வந்தேன். இன்னும் எத்தனை வீட்டில் போய் அணைப்பேன்?

அடக்கம் முடிந்த மறுநாள் எங்கள் தேனி வீட்டுக்குச் சபையிலிருந்து சுகிர்தம் அக்கா துக்கம் கேட்க வந்தார். நல்ல மனுஷி, சூதுவாது தெரியாதவர். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு இவரைப் பார்த்தார்.

"பெத்த மகளுக்கு நீங்களே வாசிச்சீகளே தம்பி. ஒரு எடத்துலகூடக் குரல் நடுங்கலையே. எப்பிடித்தான் மனசு வந்துச்சோ உங்களுக்கு?"

இவர் எழுந்து நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார். "நான்... இல்லக்கா" என்றார். அந்த இரண்டு சொல்லும் எனக்கே பாதிதான் கேட்டன. மறுபடி சொல்லப் பார்த்தார், காற்று மட்டும் வந்தது.

"ஐயோ, தொண்டை இப்பிடிக் கட்டிக்கிருச்சே" என்றார் அக்கா. "முந்தாநேத்து எம்புட்டுத் தெளிவா வாசிச்சீக! ஷீலா, தம்பிக்குக் கொஞ்சம் வெந்நி வச்சுக் குடும்மா."