டாக்டர் அண்ணனுக்குச் சில கேள்விகள்

அவளுடைய பெரியப்பா மகனை வீட்டில் எல்லோரும் ‘டாக்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவனும் அவளும் ஒரே நர்சிங் கல்லூரி, ஒரே வகுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில், அவள் பையிலிருந்து உருவிய விடைத்தாளை அவன் சத்தமாகப் படித்தான்.

“நுரையீரல்லேருந்து ரத்தம் இதயத்தோட வலது பக்கம் வருதாம். இவ கையில மாட்டுற நோயாளி நேரா மேலதான்.”

மேசையே சிரித்தது. வாயைப் பொத்திக்கொண்டு அம்மாவும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்ததை அவள் தாங்கிக்கொண்டாள். அம்மா சிரித்ததைத் தாங்க முடியவில்லை.

வஞ்சம் வைத்துப் படிக்கத் தொடங்கினாள். முதலில் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. பிறகு, போனை வீட்டிலேயே விட்டுவிட்டு, யாரும் வருவதற்கு முன் வகுப்புக்குப் போனாள். ஒரு பக்கம் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அவன் எதிரே இருப்பதாக நினைத்து வாய்விட்டு விளக்கினாள். தடுமாறினால் அவன் சிரிப்பு காதில் விழும். உடனே புத்தகத்தைத் திறந்து சரிபார்ப்பாள். சில நாள் அந்தக் கற்பனை அண்ணன் பழைய பாடத்திலிருந்து கேட்டு மடக்குவான். அதனால் பழையதையும் விடாமல் புரட்டினாள்.

ஆண்டுத் தேர்வில் அவள்தான் வகுப்பில் முதல். மருந்தியலில் டாக்டர் கோட்டை விட்டிருந்தான். தேறாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி ஆசிரியை அவளிடம் சொன்னார். கரும்பு தின்னக் கூலி கேட்பாளா?

முதல் நாளே, “எழுந்திரு அண்ணா,” என்றாள். “ஊசி போடுறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்?”

அவன் முழித்தான். பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் அடக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் வந்தான். “எல்லார் முன்னாலயும் கேக்கணுமா? தனியா சொல்லிக்கொடேன்.”

“அன்னைக்கு என் பேப்பரைத் தனியாவா படிச்ச?”

அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான். அன்று அவளுக்குச் சோறு ருசித்தது.

அடுத்த வாரம் கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொன்னான். விழுந்து விழுந்து படித்திருக்கிறான். சந்தோஷப்பட வேண்டியவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

“உட்காரவா?” என்றான்.

“இருண்ணா, என்ன அவசரம்?” என்று கடைசி அத்தியாயத்தைப் புரட்டினாள்.