ஆரஞ்சு விளக்கு எரிந்தால்

காலையில் ஒயர் வீட்டில் நடந்ததைச் சண்டை என்று சொன்னால் அது சண்டைக்கே அவமானம். சண்டையில் ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்டாவது தொலைப்பார். இங்கே இருவரும் பேசினார்கள், ஒருவரும் கேட்கவில்லை.

ஒயர் என்பது பட்டப்பெயர். கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் கேபிள் இழுத்துக் கம்ப்யூட்டர்களை இணைப்பது அவன் பிழைப்பு. மனைவி நர்ஸ். தூரத்து ஊர் ஒன்றில் புதிதாகத் திறக்கும் ஆஸ்பத்திரிக்கு அவளைத் தலைமை நர்ஸாகக் கூப்பிட்டிருந்தார்கள். வருகிறாளா இல்லையா என்று இன்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும். கடிதம் வந்த நாளிலிருந்து இருவரும் அந்தப் பேச்சை எடுக்காமல் பூனை மாதிரி சுற்றி வந்தார்கள். இன்று செருப்பு மாட்டும்போது, வாசலில், ஒரே நொடியில் இரண்டு வாயும் திறந்துகொண்டன.

"நான் போறேன்..." என்றாள் அவள்.

"உன் இஷ்டம்..." என்றான் அவன்.

அவ்வளவுதான். இரண்டு பேச்சும் நடுவழியில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டன. 'உன் இஷ்டம்' என்றால் 'எனக்கு இஷ்டமில்லை' என்று அர்த்தம்; பால்குடி மறக்காத குழந்தைக்கும் அது தெரியும். அவள் முகம் சுருங்கிப்போனது. இவனுக்கோ, நம்மை ஒரு வார்த்தை கேட்காமல் முடிவே பண்ணிவிட்டாளே என்று நெஞ்சு கனத்தது. அவள் பஸ்ஸுக்கு நடந்தாள். இவன் ஒரு பாவமும் அறியாத ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினான்.

முதல் வேலை லேபிள் அக்காவின் அச்சகத்தில். பாட்டில், டப்பா எல்லாவற்றுக்கும் ஒட்டுச்சீட்டு அடித்துக் கொடுப்பவள்.

"வாப்பா. லேபிள் பாதியில பாதியில நிக்குது. பாட்டில் கம்பெனிக்காரன் என் உசிர வாங்கறான்."

டிசைன் போடும் கம்ப்யூட்டர், ஆபீஸ் கம்ப்யூட்டர், அச்சு இயந்திரம் மூன்றின் கேபிளும் சுவரிலிருந்த ஒரு பழைய பெட்டியில் போய்ச் சேர்ந்தன. பெட்டியின் ஓரத்தில் ஆரஞ்சு விளக்கு ஒன்று கண் துடிப்பதைப் போலத் துடித்துக்கொண்டிருந்தது. ஒயர் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். டிசைன் கம்ப்யூட்டரில் கோளாறு சிக்கியது.

"இதுல யாருக்கா கை வச்சா?"

"தம்பிதான். வேகமா போகும்னு எதையோ மாத்தினான்."

"அதான பாத்தேன். இந்தப் பெட்டிக்குள்ள எல்லாருக்கும் ஒரே வழிதான்கா. பேசறதுக்கு முன்னாடி வேற யாராச்சும் பேசறாங்களான்னு காது குடுத்துக் கேக்கணும். உங்க தம்பி, பேசிக்கிட்டே கேக்கலாம்னு இதுக்கு மட்டும் சொல்லி வச்சிருக்கான். அதனால இது பாட்டுக்கு அடுத்தவன் பேச்சுக்குள்ள புகுந்து பேசுது."

"எங்க வீட்டுக்காரர் ஜாதி," என்றாள் அக்கா.

ஒயர் விழுந்து விழுந்து சிரித்தான். தன் வீட்டுக்காரியும் எங்கோ இதே வசனத்தைச் சொல்லியிருக்கக்கூடும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

மாற்றியதைப் பழையபடி வைத்தான். இயந்திரம் தொண்டையைச் செருமிக்கொண்டு லேபிள்களைத் தள்ள ஆரம்பித்தது. கை ஓய்ந்ததும் மனது பழைய இடத்துக்கே போனது. போனை எடுத்து மனைவிக்கு அடித்தான். பிஸி. கொஞ்சம் பொறுத்து அடித்தான். பிஸி. ஆஸ்பத்திரிக்காரர்களிடம் சம்மதம் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று முடிவுகட்டினான். மூன்றாம் தடவையும் அதே கதை. அழுகை வரும்போல இருந்தது. போனைப் பைக்குள் போட்டான்.

"என்னப்பா, சரி பண்ணின பிறகும் அந்த விளக்கு அப்பப்ப எரியுதே, கெட்டதா?"

"இல்லக்கா, அது இருக்கும். ரெண்டு பேர் ஒரே நேரத்துல வாயத் தொறந்தா முட்டிக்கும். உடனே ரெண்டும் நிறுத்திடும். கொஞ்சம் காத்திருந்து, விட்ட இடத்துலேருந்து இல்ல, முதல்லேருந்து முழுசா அனுப்பும்."

"ரெண்டும் ஒரே அளவு காத்திருந்தா திரும்ப முட்டாதா?"

"அதுக்குத்தான் ஆளுக்கொரு அளவு, குருட்டாம்போக்குல. விளக்கு எரிஞ்சா பயப்படாதீங்க. அந்தப் பக்கமும் பேச வர்றாங்கன்னுதான்..."

வாய் திறந்தபடியே நின்றது. பிஸி. மூன்று தடவையும் பிஸி. அவளும் இந்த நம்பருக்குத்தான் அடித்துக்கொண்டிருக்கிறாளோ?

இப்போது உடனே அடித்தால் மறுபடி முட்டும். கழிவுக் கூடையில் வரிசை எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டுகள் கிடந்தன. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தான். ஏழு. இயந்திரம் ஏழு லேபிள் தள்ளும்வரை அடிப்பதில்லை என்று வைத்துக்கொண்டான். அக்கா அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

ஐந்தாவது லேபிளில் போன் அடித்தது.

"எவ்வளவு நேரமா அடிக்கிறேன்..." என்றாள்.

"நானும்தான் அடிச்சு..." என்றான்.

இருவரும் சட்டென்று நின்றார்கள். ஒயர் நாக்கைக் கடித்துக்கொண்டான். சும்மா இருப்பது கேபிள் இழுப்பதைவிடக் கஷ்டமான வேலை என்று அன்றுதான் தெரிந்தது.

"நீ சொல்லு," என்றான் கடைசியில். "காலைல சொல்ல வந்தத முதல்லேருந்து சொல்லு. நான் குறுக்க பேசல."

அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"நான் போறேன்னா நீங்களும் வருவீங்களான்னு கேக்க வந்தேன்."

'போறேன்' இல்லை. 'போறேன்னா'. அந்த வால் மட்டும் காலையில் அவன் வாயில் அடிபட்டுச் செத்திருந்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"உன் இஷ்டம் எந்த ஊரோ, அங்க நானும் வர்றேன்னு சொல்ல வந்தேன்," என்றான். "ஒயர் இல்லாத ஊர் எது?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"வச்சிடறேன். அவங்களுக்குச் சொல்லணும்," என்றாள்.

வைத்த பிறகுதான், தலைமை நர்ஸுக்கு ஒரு வாழ்த்துக்கூடச் சொல்லவில்லையே என்று உறைத்தது. அடித்தான். பிஸி. இந்த முறை அவள் நிஜமாகவே ஆஸ்பத்திரிக்காரர்களோடுதான் பேசிக்கொண்டிருந்தாள். ஒயர் போனை மடியில் வைத்துக்கொண்டு, லேபிள்களை எண்ணாமல், அவள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தான்.