வரிசையில் மூன்றாமவன்

பட்டாளத்தாரின் நினைவுக் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லாரும் அவரை ஆகா ஓகோ என்று புகழ்ந்து தள்ளினார்கள். பழைய படைத்தோழர் ஒருவர், பனியில் மாட்டிய லாரியை அவர் தனியாளாக மீட்ட கதையைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதே மனுஷன் நாலு பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டைகளையும் தானே இஸ்திரி போட்டவர், அதில் பாதியைப் பொசுக்கியவர் என்பதை யாரும் சொல்லவில்லை. கடைக்குட்டி மகளுக்கு அது ஞாபகம் வந்து சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின.

ஆனால் அவள் கண் முழுக்க வாசல் கேட்டில் இருந்தது. அங்கே கடைசி நாற்காலியில் சின்னண்ணன் பட்டும் படாமலும் உட்கார்ந்திருந்தான். பட்டாளப் பயிற்சி முகாமிலிருந்து சுவரேறிக் குதித்து ஓடி வந்தவன். "இனி என் மூஞ்சியில முழிக்காதே" என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லப்போக, அதையே பிடித்துக்கொண்டு ஊரின் மறுகோடியில் பிரிட்ஜ் மெக்கானிக்காகக் காலம் தள்ளுகிறவன். இன்றைக்கு இப்படியே கிளம்பினால் இனி இந்த வீட்டுப் பக்கம் தலைவைக்க மாட்டான்.

கூட்டம் கலைந்ததும் அவன் எழுந்தான். அவள் ஓடிப்போய் வழிமறித்தாள். சாப்பிட்டுப் போகச் சொன்னாள், பசியில்லை என்றான். அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசச் சொன்னாள். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டானாம், அதுவே போதுமாம்.

"அவரைப் பொறுத்தவரைக்கும் நான் எப்பவோ செத்தாச்சு. உள்ள வந்து என்ன பண்ணப்போறேன்?" என்றான்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீம்பில் மட்டும் அப்பனும் மகனும் ஒரே அச்சு. அவனைக் கேட்டோரம் நிறுத்தி, அதுவரை சொல்லாததைச் சொன்னாள்.

வெளியூர் கிளம்பினால் அப்பா ஆள் எண்ணாமல் நகரமாட்டார். அது அவனுக்கும் தெரிந்ததுதான். ரயிலடி என்றும் பாராமல் பிள்ளைகள் வரிசையாக நின்று, பெரியண்ணன் தொடங்கி ஆளுக்கொரு எண் சொல்ல வேண்டும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், மானம் கப்பலேறும். சின்னண்ணன் போன பிறகு ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டார்கள். அக்கா 'ரெண்டு' என்றதும், நடுவில் ஓட்டை விழுவானேன் என்று இவள் 'மூணு' என்றுவிட்டாள். அப்பா பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். ரயில் ஊதியது, அம்மா பதறினாள், மனுஷன் அசையவில்லை.

"உன் நம்பர் நாலு. மூணு லீவுல இருக்கான்" என்றார்.

அவள் 'நாலு' என்ற பிறகுதான் ரயிலேறினார்கள். கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்றபோதும் எண்ணச் சொன்னார். ரெண்டுக்கும் நாலுக்கும் நடுவில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னண்ணன் திரும்ப அந்த நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அவளும் அழுதாள். சத்தம் கேட்டு அம்மா வாசலுக்கு வந்தாள். அவன் சட்டென்று எழுந்தான். தன்னையறியாமல் குதிகால்களைச் சேர்த்து விறைப்பாக நின்றான்.

"லீவு முடிஞ்சுதும்மா. இனிமே அதை யார்கிட்ட போய்ச் சொல்றது?"

அம்மா அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"லீவு குடுத்தது அவரு. நான் குடுக்கவே இல்ல. கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்."