ஐம்பத்துமூன்றாம் வாரத்துச் சவுனா

திங்கட்கிழமை மாலை முறைக்காரர்களான லெஸ்கினென் குடும்பத்தார் துண்டும் வாளியுமாகக் கீழ்த்தளத்துக்குப் போனபோது, சவுனா என்னும் நீராவிக் குளியலறையில், தண்ணீர் ஊற்றி ஆவி எழுப்பும் அடுப்புக் கற்கள் சில்லென்று கிடந்தன. சுவரிலிருந்த பெட்டியின் திரையில் ஒரே வரிதான் ஓடியது: "வாரம் செல்லாது."

அடுக்குமாடிச் சங்கத்தின் தலைவி என்ற முறையில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். அந்தப் பெட்டியை வைத்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. எந்த வீட்டுக்கு எந்தக் கிழமை, எந்த மணி என்பது அதற்குள் இருக்கும். முறை வந்தால் அதுவே அடுப்பை மூட்டும், முடிந்தால் அணைக்கும். மின்சாரம் மிச்சமாகும் என்று சொல்லி விற்றார்கள், மிச்சமும் ஆயிற்று. ஆனால் சில ஆண்டுகளில் அமைவதுபோல் இந்த ஆண்டுக்கு ஐம்பத்துமூன்று வாரங்கள். பெட்டி வந்த பிறகு இப்படி வருவது இதுவே முதல் தடவை. புரோகிராம் எழுதியவர் ஐம்பத்திரண்டோடு நிறுத்திவிட்டிருந்தார்.

எனக்கு வந்த கோபத்தில் பாதி அதற்காகத்தான். பனிச்சறுக்கு விடுமுறை பத்தாம் வாரம், புகைபோக்கி சுத்தம் செய்பவர் வருவது முப்பத்தெட்டாம் வாரம் என்று வாரத்தை எண்ணிச் சொல்லியே வாழ்கிற நாட்டில் பிறந்த ஒருவர் செய்த தவறு இது.

விற்ற நிறுவனம் இப்போது இல்லை. எஸ்போ நகரிலிருக்கும் வேறொரு நிறுவனம் அதை வாங்கிவிட்டது. அங்கே பேசினேன். யெரே என்ற பையன் எடுத்தான். பணிவான குரல்.

"அந்தப் பொருளோட ஆயுள் முடிஞ்சிடுச்சு, சிர்க்கா. இப்ப நாங்க அதைச் செய்யறதே இல்ல."

"ஆயுள் முடிஞ்சது உங்களுக்கு. எங்க சுவத்துல அது இன்னும் கண்ணு முழிச்சு உக்காந்திருக்கு. சரி பண்ண முடியுமா, முடியாதா?"

"முடியும். சரி செஞ்ச பதிப்பு ரெடியாவே இருக்கு. சப்போர்ட் ஒப்பந்தம் வெச்சிருக்கறவங்களுக்கு நவம்பர்லயே அனுப்பிட்டோம்."

"அப்ப நவம்பர்லயே உங்களுக்குத் தெரியும்."

அவன் நேரே விலைக்கு வந்தான். மூன்றாண்டு ஒப்பந்தம் போட வேண்டும். அதோடு, ஒப்பந்தமில்லாமல் நாங்கள் ஓட்டிய ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். மொத்தம் நாலாயிரத்து முந்நூறு யூரோ.

"தேதிய ஒரு வாரம் பின்னாடி தள்ளி வெச்சா?"

"முடியாது. அது தேதிய நெட்லேருந்து தானா எடுத்துக்கும்."

"தப்பு யாரோடது, யெரே?"

"எங்களுக்கு முன்னாடி இருந்த கம்பெனியோடது."

"அதை யாரு வாங்கினது?"

"நாங்கதான். ஆனா நாங்க வாங்கினது வாடிக்கையாளர்களத்தான். பழைய தப்புகள இல்ல."

அன்றே கடிதம் எழுதினேன். முதல் பத்தியில் நடந்தது, இரண்டாவதில் நாங்கள் கேட்பது, மூன்றாவதில் கட்ட மாட்டோம் என்பது. மறுநாள் வந்த பதிலில் என் பத்திகள் எதையும் தொடாமல் விலைப்பட்டியலை மட்டும் மறுபடி இணைத்திருந்தார்கள்.

இதில் சிக்கல் அர்மாஸ் கெத்துனென். எங்கள் குடியிருப்பிலுள்ள தெல்லெர்வோவின் கணவர். இடுப்பெலும்பு முறிந்து அக்டோபரிலிருந்து மருத்துவமனையில் கிடந்தவர் வியாழக்கிழமை வீடு திரும்புகிறார். இரண்டு இரவுகள் மட்டும். பிறகு மறுபடி அங்கே. மருத்துவர் சவுனாவுக்கு அனுமதி கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஏழு மணி அவர்கள் முறை. அன்று புத்தாண்டு என்றாலும், வாரக் கணக்கில் ஞாயிறு வரை ஐம்பத்துமூன்றுதான். அந்த மனிதர் வார்டில் கேட்டதெல்லாம் அது ஒன்றைத்தான்.

புதன்கிழமை சங்க வாரியம் கூடியது. நான், நகராட்சி அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஹெலி, அதிகம் பேசாத தாவுனோ. மின்வேலைக்காரர் இல்போவையும் வரச் சொல்லியிருந்தேன். தெல்லெர்வோ அழைக்காமலே வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஹெலி நேராக ஆரம்பித்தாள். "கட்டிடலாம், சிர்க்கா. உன் வீம்புக்கு இருபத்துநாலு வீடும் குளிரணுமா? வெள்ளிக்கெழம அர்மாஸ் முகத்தப் பாத்து 'கல்லு சூடாகல'ன்னு யாரு சொல்றது? நீ சொல்லுவியா?"

உண்மையில், நானும் கையெழுத்துப் போட மனத்தளவில் பாதி ஒப்புக்கொண்டிருந்தேன்.

"ஹெலி," என்றாள் தெல்லெர்வோ. "அவர் முகத்தப் பாத்து நான் சொல்லிக்கறேன். என் புருஷனக் காட்டி யாரும் கையெழுத்துப் போட வேணாம்."

"உனக்காகத்தானே சொல்றேன்!"

"எனக்காகன்னா சொல்லாத. நவம்பர்லயே மருந்த வெச்சுக்கிட்டு, நாம குளிர்ல நடுங்கற வரைக்கும் காத்திருந்திருக்காங்க. அந்தக் காசுல மூட்டின அடுப்புக்கு முன்னாடி என் அர்மாஸ் உக்காந்தா, அவருக்கு வேர்க்காது. எரியும்."

தாவுனோ தொண்டையைச் செருமிக்கொண்டார். "என் முறை வியாழன். வருஷக் கடைசி ராத்திரி." எல்லாரும் அவரைப் பார்த்தோம். "போனா போகட்டும்."

அவர் அந்த ஆண்டில் பேசிய மிக நீளமான பேச்சு அது.

தெல்லெர்வோ எழுந்து நின்றாள். "நான் ஒண்ணு கேக்கறேன். அந்தப் பெட்டி என்னதான் செய்யுது? யாரு எப்பன்னு சொல்லுது. அது நமக்குத் தெரியாதா? வெள்ளி ஏழு நாங்க. எட்டு மணி நீ, ஹெலி. எங்க பின்னாடி வந்து 'கெத்துனென்காரங்க தண்ணிய அள்ளி ஊத்திக் கல்லயே ஆற வெச்சுட்டாங்க'ன்னு பொலம்புவ."

"ஊத்தத்தானே ஊத்தறீங்க," என்றாள் ஹெலி. சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

இல்போவைக் கேட்டேன். பெட்டியைக் கழற்றிவிட்டுச் சாதாரணத் திருகு டைமர் வைக்கலாம், பாதுகாப்புச் சோதனை செய்து சான்றும் தருவேன் என்றான். "ஆனா பெட்டியோட நிபந்தனையில இருக்கு, சிர்க்கா. பெட்டியத் தாண்டி அடுப்புக்கு மின்சாரம் கொடுத்தா அத ஓட்டற உரிமம் ரத்து. அப்புறம் எவ்வளவு காசு கொடுத்தாலும் திருப்பிக் கேக்க முடியாது."

"ரத்தாகட்டும்," என்றேன். கைகள் உயர்ந்தன. ஹெலியின் கை கடைசியாக, அரை உயரத்துக்கு உயர்ந்தது. எங்கள் ஊரில் அதுவும் சம்மதம்தான்.

வியாழன் காலை இல்போ பெட்டியைக் கழற்றினான். மதியத்துக்குள் டைமர் பொருத்தியாயிற்று. தாவுனோ தன் முறைக்கு இறங்கிப் போய், திரும்பி வருகையில் என் கதவருகே ஒரு கணம் நின்று தலையை அசைத்துவிட்டுப் போனார்.

வெள்ளி ஏழு மணிக்கு அர்மாஸை இரண்டு பேர் தாங்கி அழைத்து வந்தோம். மேல்படிக்கு ஏற முடியாது என்பதால் கீழ்ப்படியில் உட்கார வைத்தோம். நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். உள்ளே தண்ணீர் கல்லில் விழும் சீறல் கேட்டது. பிறகு அவர் குரல்: "இன்னும் ஊத்து, தெல்லெர்வோ! ஹெலிக்கு எதையும் மிச்சம் வெக்காத!"

திங்கட்கிழமை, முதல் வாரம். காலையிலேயே யெரே கூப்பிட்டான்.

"உங்க பெட்டி வியாழன்லேருந்து தொடர்புல இல்லன்னு காட்டுது, சிர்க்கா. மேலிடத்துல பேசினேன். பாதி விலைக்குத் தரலாங்கறாங்க."

"பெட்டி கீழ, சைக்கிள் அறை அலமாரியில இருக்கு. உங்க சாமான்னா வந்து எடுத்துக்கிட்டுப் போங்க. ஸ்க்ரூ எல்லாம் ஒரு பையில போட்டு வெச்சிருக்கேன்."

"எங்க சாமான் இல்லையே. நீங்கதான் விலை கொடுத்து வாங்கியிருக்கீங்க."

"அப்படியா? அப்ப எங்களோடத எங்க சுவத்துலேருந்து கழட்டினதுக்கு எந்த உரிமத்த ரத்து பண்ணப் போறீங்க? இத எனக்கு எழுத்துல அனுப்பி வைங்க, யெரே."

நிறுவனத்தில் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னான். நான் காத்திருக்கவில்லை. பெட்டியை விற்றவர்களின் பழைய விளம்பரத்தாளில், இந்தப் பெட்டியை வாங்கிய குடியிருப்புகளின் பெயர்களைப் பெருமையாக வரிசைப்படுத்தியிருந்தார்கள். முதல் பெயர் குவோபியோ நகரில் ஒரு சங்கம். தலைவர் பெயர் தெரியாததால் கடிதத்தைப் பொதுவாகவே தொடங்கினேன்: "அன்புள்ள அண்டை வீட்டாருக்கு, சென்ற வாரம் உங்கள் சவுனா சூடானதா?"